நம் கையால் ஒரு பாவாடை சட்டை

பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் ஆசை. நஞ்சன்கூட்டில் பங்குனி மாதம் பெரிய தேர் வரும். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலைச் சுற்றி ஐந்து தேர்கள் ஓடும். கபிலா ஆற்றங்கரை முழுவதும் கூட்டம். அன்று தெருவில் பார்த்தால் சின்னப் பெண்கள் பலரும் புதுப் பாவாடை சட்டையில் இருப்பார்கள். நாம் பாவாடை சட்டை என்கிறோம். கன்னடத்தில் லங்க ரவிக்கெ என்பார்கள். பெயர் வேறு. உடை ஒன்றுதான்.

இந்த உடையைக் கடையில் வாங்கலாம். தையல்காரரிடம் கொடுத்தும் வாங்கலாம். ஆனால் திருவிழா நேரத்தில் தையல்காரருக்கு வேலை அதிகம். "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க" என்பார். கடைத் துணியோ சில சமயம் அளவு சரியாக இருக்காது.

நாமே தைத்தால் என்ன? தையல் வகுப்புக்குப் போகாதவர்களும் தைக்கலாம். தையல் மெஷின் இல்லாதவர்களும் தைக்கலாம். ஊசியும் நூலும் போதும். அதோடு இன்னொன்று வேண்டும். எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எழுதத் தெரிய வேண்டும். அது இப்போது நமக்குத் தெரியும். பிறகு என்ன கவலை?

பருத்தி பிறந்த கதை நம் பக்கத்திலேயே

நஞ்சன்கூடு தாலுகாவில் பதனவாளு என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே பெண்கள் ராட்டையில் நூல் நூற்றார்கள். அந்த நூலில் கதர்த் துணி நெய்தார்கள். 1927-ஆம் ஆண்டு காந்தியடிகள் அந்தக் கிராமத்துக்கு வந்தார். தகடூர் ராமச்சந்திர ராவ் என்பவர் இந்தப் பக்கத்தில் கதர் வேலையைப் பரப்பியவர். தகடூரும் நஞ்சன்கூடு தாலுகாவில் உள்ள ஊர்தான். 2015 ஏப்ரல் மாதம் பதனவாளுவில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. கைத்தொழில் வாழ வேண்டும் என்று நாடகக் கலைஞர் பிரசன்னா அதை முன்நின்று நடத்தினார்.

காந்தியடிகள் பெரிய எந்திரங்களை அதிகம் விரும்பாதவர். ஆனால் ஓர் எந்திரத்தை அவர் பாராட்டினார். 1924-ஆம் ஆண்டு ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், "எல்லா எந்திரமும் வேண்டாமா?" என்று கேட்டார். காந்தியடிகள் தையல் மெஷினை விதிவிலக்காகச் சொன்னார். அது வீட்டில் இருக்கும் எந்திரம். ஒருவர் உழைப்பைக் குறைக்கும் எந்திரம். யாருடைய வேலையையும் பறிக்காத எந்திரம். இதுதான் அவர் எண்ணம்.

இன்று மைசூர், பெங்களூர் பக்கம் பல பெண்கள் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே ஒருவர் காலர் மட்டும் தைப்பார். இன்னொருவர் கை மட்டும் தைப்பார். மற்றொருவர் பொத்தான் மட்டும் வைப்பார். பல வருடம் வேலை செய்தும் முழுச் சட்டை தைக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் உண்டு. வீட்டில் தைத்தால் அப்படி இல்லை. அளவு எடுப்பது முதல் பொத்தான் வைப்பது வரை எல்லாம் நம் வேலை. முழு உடையும் நம் கையில்.

என்னென்ன வேண்டும்?

1. அளவு டேப் ஒன்று
2. கத்தரி ஒன்று. இதைத் துணிக்கு மட்டும் வையுங்கள். காகிதம் வெட்ட வேறு கத்தரி வேண்டும். காகிதம் வெட்டினால் முனை மழுங்கும்.
3. ஊசி, துணியின் நிறத்தில் நூல்
4. குண்டூசிகள், ஊக்கு ஒன்று
5. சாக்பீஸ் அல்லது தேய்ந்த சோப்புத் துண்டு
6. பழைய செய்தித்தாள்
7. ஓர் அங்குல அகல எலாஸ்டிக், பொத்தான் ஒன்று
8. ஒரு நோட்டு, ஒரு பேனா

நஞ்சன்கூடு கடைவீதியில் கன்னடத்தில் கேட்க வேண்டுமா? துணிக்குப் பட்டெ என்று சொல்லுங்கள். நூலுக்குத் தார. ஊசிக்குச் சூஜி. பொத்தானுக்குக் குண்டி. கத்தரிக்குக் கத்தரிதான்.

டேப்பைப் படிப்போம்

டேப்பைக் கையில் எடுங்கள். ஒரு பக்கம் 1 முதல் 60 வரை எண்கள் இருக்கும். அது அங்குலம். தையல்காரர்கள் இஞ்சு என்பார்கள். மறுபக்கம் 150 வரை எண்கள் இருக்கும். அது சென்டிமீட்டர். நாம் அங்குலத்தில் அளப்போம்.

ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் சின்னக் கோடுகள் உண்டு. ஓர் அங்குலம் எட்டுப் பாகமாகப் பிரிந்திருக்கும். இரண்டு பாகம் சேர்ந்தால் கால் அங்குலம். நான்கு பாகம் சேர்ந்தால் அரை அங்குலம். ஆறு பாகம் சேர்ந்தால் முக்கால் அங்குலம்.

துணிக்கடையில் மீட்டர் கணக்கு. ஒரு மீட்டர் என்பது 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். நாம் 39 என்றே வைத்துக் கொள்வோம். துணியின் அகலத்தையும் கேளுங்கள். கடைக்காரர் அதைப் பன்னா என்று சொல்லலாம். 36 அங்குல அகலத் துணியும் உண்டு. 44 அங்குல அகலத் துணியும் உண்டு.

குழந்தையை அளப்போம்

குழந்தையை நேராக நிற்கச் சொல்லுங்கள். டேப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அளந்ததை உடனே நோட்டில் எழுதுங்கள். மனத்தில் வைத்தால் மாறிப் போகும். 24 என்பது 27 ஆகிவிடும். துணி பாழாகும்.

சுமார் ஆறு வயதுப் பெண் ஒருத்தியின் அளவு இதோ.

மார்புச் சுற்று: 24 அங்குலம்
இடுப்புச் சுற்று: 22 அங்குலம்
பின்புறச் சுற்று (உட்காரும் இடத்தில் பருமனான பகுதி): 25 அங்குலம்
ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை: 10 அங்குலம்
தோளிலிருந்து கை நீளம்: 4 அங்குலம்
மேல்கைச் சுற்று: 8 அங்குலம்
சட்டை நீளம் (கழுத்து ஓரத் தோளிலிருந்து கீழே): 15 அங்குலம்
பாவாடை நீளம் (இடுப்பிலிருந்து கணுக்கால் வரை): 26 அங்குலம்
தலைச் சுற்று: 20½ அங்குலம்

தலைச் சுற்று எதற்கு என்று கேட்கலாம். சட்டை தலை வழியாகத்தானே நுழைய வேண்டும்? கழுத்து சின்னதாக இருந்தால் நுழையாது. குழந்தை அழும்.

இந்த அளவுகள் ஓர் எடுத்துக்காட்டுதான். உங்கள் குழந்தையை அளந்து உங்கள் அளவை எழுதுங்கள். கீழே வரும் கணக்கை உங்கள் அளவுக்கு மாற்றிப் போடுங்கள்.

எவ்வளவு துணி வாங்குவது?

இங்கேதான் கணக்கு உதவுகிறது. 36 அங்குல அகலத் துணி என்று வைத்துக் கொள்வோம்.

முதலில் பாவாடை. பாவாடை நீளம் 26 அங்குலம். இதில் இடுப்புப் பட்டி 1½ அங்குலம். மீதி 24½ அங்குலம்.

அடி மடிப்புக்கு 2½ அங்குலம் சேர்க்க வேண்டும்.
மேலே பட்டியோடு தைக்க அரை அங்குலம்.
வளர்ச்சி டக்குக்கு 2 அங்குலம்.
கொஞ்சம் கூடுதலாக அரை அங்குலம்.
மொத்தம் 30 அங்குலம்.

வளர்ச்சி டக்கு என்றால் என்ன? பாவாடையின் கீழ்ப்பக்கம் ஒரு மடிப்பு பிடித்துத் தைப்போம். அதுதான் டக்கு. குழந்தை வளர்ந்ததும் அதைப் பிரிக்கலாம். பாவாடை 2 அங்குலம் நீளும். நம் பாட்டிமார் செய்த புத்திசாலியான வேலை இது.

பாவாடை நன்றாக விரிய வேண்டும். அதனால் 30 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும். 30 + 30 = 60. இடுப்புப் பட்டிக்கு 4 அங்குலம். ஆக மொத்தம் 64 அங்குலம்.

அடுத்து சட்டை. நீளம் 15. தோள் தையலுக்கு அரை. அடி மடிப்புக்கு 1½. மொத்தம் 17 அங்குலம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. 17 + 17 = 34 அங்குலம்.

பாவாடைக்கு 64. சட்டைக்கு 34. கூட்டினால் 98 அங்குலம். துணி நனைத்தால் கொஞ்சம் சுருங்கும். அதற்கு 4 அங்குலம் சேர்ப்போம். 102 அங்குலம் ஆயிற்று.

இரண்டரை மீட்டர் வாங்கினால் போதுமா? 2½ மீட்டர் என்பது சுமார் 98 அங்குலம். போதாது. 2¾ மீட்டர் என்பது சுமார் 107 அங்குலம். இது போதும்.

பாவாடை ஒரு நிறம், சட்டை ஒரு நிறம் வேண்டுமா? பாவாடைக்கு 1¾ மீட்டர் வாங்குங்கள். சட்டைக்கு 1 மீட்டர் வாங்குங்கள்.

முதல் முறை தைப்பவர்கள் பருத்தித் துணி வாங்குங்கள். பாலியெஸ்டரும் பட்டும் வழுக்கும். பருத்தி கைக்கு அடங்கும். வியர்வையை உறிஞ்சும். கதரும் நல்லது. ஆனால் பருத்தியும் கதரும் முதல் துவைப்பில் சுருங்கும். அதனால் வெட்டும் முன்பே தண்ணீரில் நனையுங்கள். நிழலில் காய வையுங்கள். இஸ்திரி போடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும்.

முதலில் காகிதத்தில் வெட்டுவோம்

"அக்கா, துணியில கத்தரி வைக்கவே பயமா இருக்கு. தப்பா வெட்டிட்டா என்ன செய்யறது?"

"அதுக்குத்தான் முதல்ல பேப்பர்ல வெட்டணும் தங்கச்சி. பேப்பர் தப்பாப் போனா இன்னொரு பேப்பர். துணி தப்பாப் போனா காசு."

"தையல்காரர் பேப்பர் இல்லாமலே வெட்டறாரே?"

"அவர் ஆயிரம் சட்டை வெட்டினவர். நாம இப்பதான் முதல் சட்டை வெட்டறோம்."

அக்கா சொல்வது சரிதான். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அளவு தெரியாமல் கத்தரியும் வைக்கக் கூடாது.

சட்டையில் கையைத் தனியாக வெட்டி ஒட்டுவது கொஞ்சம் கடினம். அதனால் உடம்பும் கையும் ஒன்றாக இருக்கும்படி வெட்டுவோம். முதல் சட்டைக்கு இதுதான் எளிது.

செய்தித்தாளில் 10 அங்குல அகலம், 17 அங்குல நீளத்தில் ஒரு கட்டம் வரையுங்கள். இது பாதிச் சட்டை. இடது ஓரம் சட்டையின் நடுப்பகுதி. மேல் ஓரம் தோள் பக்கம்.

அகலம் ஏன் 10? பாதித் தோள் 5. கை நீளம் 4. கை மடிப்புக்கு 1. கூட்டினால் 10.

இப்போது புள்ளிகள் வைப்போம்.

கழுத்து: மேல் ஓரத்தில், இடது மூலையிலிருந்து 2½ அங்குலத்தில் ஒரு புள்ளி. இடது ஓரத்தில், மேலிருந்து 1 அங்குலம் கீழே ஒரு புள்ளி. இரண்டையும் வளைவாகச் சேருங்கள். இது பின்கழுத்து.

தோள்: வலது ஓரத்தில், மேலிருந்து 1 அங்குலம் கீழே ஒரு புள்ளி. கழுத்துப் புள்ளியிலிருந்து இங்கே நேர்கோடு போடுங்கள். தோள் சரிவாக இருக்கும். நம் தோளும் அப்படித்தானே இருக்கிறது?

கை வாய்: அதே வலது ஓரத்தில், மேலிருந்து 6½ அங்குலத்தில் ஒரு புள்ளி.

அக்குள்: மார்புச் சுற்றை நான்காக வகுங்கள். 24-ஐ நான்கால் வகுத்தால் 6. தளர்ச்சிக்கு 1½ சேருங்கள். தையலுக்கு அரை சேருங்கள். 8 வரும். இடது ஓரத்திலிருந்து 8 அங்குலம் தள்ளி, மேலிருந்து 7 அங்குலம் கீழே ஒரு புள்ளி வையுங்கள். கை வாய்ப் புள்ளியையும் இதையும் சேருங்கள்.

பக்க ஓரம்: அக்குள் புள்ளியிலிருந்து கீழே கோடு போடுங்கள். அடியில் அது இடது ஓரத்திலிருந்து 8½ அங்குலத்தில் முடியட்டும். அக்குள் மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். வளைவாக வரையுங்கள்.

காகிதத்தை வெட்டுங்கள். குழந்தையின் மார்பில் வைத்துப் பாருங்கள். அவளுடைய பழைய சட்டையைப் பாதியாக மடித்து, அதன்மேல் வைத்தும் பாருங்கள். நம் காகிதம் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் கணக்கில் எங்கேயோ தவறு. மறுபடி அளந்து பாருங்கள்.

துணியை வெட்டுவோம்

பாவாடைக்கு 30 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். 4 அங்குல அகலத்தில் பட்டித் துணி ஒன்று வெட்டுங்கள்.

பட்டியின் நீளம் எவ்வளவு? பாவாடை பின்புறத்தைத் தாண்டி ஏற வேண்டும். பின்புறச் சுற்று 25. தளர்ச்சிக்கு 3. தையலுக்கு 1. மொத்தம் 29 அங்குலம்.

சட்டைத் துணியின் ஒரு கரை ஓரத்தை 10½ அங்குலம் உள்ளே மடியுங்கள். காகிதத்தின் இடது ஓரம் துணியின் மடிப்பில் உட்கார வேண்டும். குண்டூசி குத்துங்கள். சாக்பீஸால் சுற்றி வரையுங்கள். துணியைத் தூக்காமல் தரையில் வைத்தே வெட்டுங்கள். மடிப்பு ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். பின்பக்கத் துண்டு கிடைத்துவிட்டது.

இப்போது காகிதத்தில் கழுத்தை ஆழப்படுத்துங்கள். நடுவில் 1 அங்குலம் இருந்ததை 3 அங்குலம் ஆக்குங்கள். இது முன்கழுத்து. இந்தக் காகிதத்தை வைத்து முன்பக்கத் துண்டை வெட்டுங்கள்.

துணியில் பூ இருக்கிறதா? எல்லாப் பூவும் மேல்நோக்கி இருக்கிறதா என்று வெட்டும் முன் பாருங்கள். இல்லாவிட்டால் முன்பக்கம் பூ நிமிர்ந்து நிற்கும். பின்பக்கம் தலைகீழாகத் தொங்கும்.

மீதித் துணியில் இரண்டு துண்டு எடுங்கள். ஒன்று, 3 அங்குல அகலம், 7 அங்குல நீளம். இன்னொன்று, கழுத்துக்குக் கிராஸ் துண்டு. இதை மூலை வாட்டத்தில் சாய்வாக வெட்ட வேண்டும். அகலம் 1¼ அங்குலம். நீளம் 18 அங்குலம். சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் நீளும். அதனால் கழுத்து வளைவில் சுருக்கம் விழாமல் படியும்.

கையால் தைக்க மூன்று தையல்

ஓட்டுத் தையல்: ஊசி மேலும் கீழும் ஓடும். சுருக்கு வைக்கவும் தற்காலிகமாகப் பிடிக்கவும் உதவும்.

பின் தையல்: ஊசி ஒரு தப்படி முன்னே போகும். பாதி பின்னே வரும். மறுபடி முன்னே போகும். இது உறுதியானது. தோளுக்கும் பக்கங்களுக்கும் இந்தத் தையல்தான்.

ஹெம்மிங்: மடித்த ஓரத்தைத் துணியோடு சேர்க்கும் தையல். வெளியே அதிகம் தெரியாது.

மெஷின் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். முதலில் கந்தல் துணியில் நேராகத் தைத்துப் பழகுங்கள். பிறகு புதுத் துணியைத் தொடுங்கள்.

சட்டை தைப்போம்

1. பின்கழுத்துத் திறப்பு: பின்துண்டின் நடுவில், கழுத்திலிருந்து கீழே 5 அங்குலம் கோடு போடுங்கள். 3-க்கு 7 துண்டை அதன்மேல் வையுங்கள். இரண்டு துணியின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். அடியில் வளைந்து திரும்புங்கள். தைத்த பிறகுதான் நடுக்கோட்டை வெட்ட வேண்டும். துண்டை உள்பக்கம் திருப்பிப் படிய வையுங்கள்.

2. தோள்: முன்துண்டும் பின்துண்டும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வையுங்கள். இரண்டு தோளையும் அரை அங்குலம் உள்ளே தையுங்கள்.

3. கழுத்து: கிராஸ் துண்டைக் கழுத்தின் நல்ல பக்கத்தில் வைத்துக் கால் அங்குலத்தில் தையுங்கள். உள்ளே மடித்து ஹெம்மிங் செய்யுங்கள்.

4. கை வாய்: முதலில் கால் அங்குலம் மடியுங்கள். மறுபடி முக்கால் அங்குலம் மடியுங்கள். ஹெம்மிங் செய்யுங்கள்.

5. பக்கம்: கை வாயிலிருந்து அக்குள் வழியாக அடிவரை ஒரே தையலாகத் தையுங்கள். இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே தையுங்கள். அக்குள் வளைவில் இரண்டு தடவை தையுங்கள். கை தூக்கும்போது அங்கேதான் இழுக்கும்.

6. அக்குள் வளைவில், தையலுக்கு வெளியே உள்ள துணியில் இரண்டு மூன்று சின்ன வெட்டு கொடுங்கள். தையலை வெட்டிவிடாதீர்கள். இந்த வெட்டு இல்லாவிட்டால் அக்குள் இழுத்துப் பிடிக்கும்.

7. அடியை மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். பின்கழுத்தில் ஒரு பொத்தான் வையுங்கள். எதிர்ப்பக்கம் நூலால் ஒரு வளையம் போடுங்கள்.

பாவாடை தைப்போம்

1. இரண்டு துண்டையும் கரை ஓரத்தில் சேர்த்துத் தையுங்கள். கரை ஓரத்தில் நூல் பிரியாது. இப்போது பெரிய வளையம் போல இருக்கும்.

2. அடியில் முதலில் அரை அங்குலம் மடியுங்கள். பிறகு 2 அங்குலம் மடித்து ஹெம்மிங் செய்யுங்கள்.

3. அடி மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் ஒரே அளவாக டக்கு பிடியுங்கள். டக்கின் ஆழம் 1 அங்குலம். மடிப்பு என்பதால் 2 அங்குலத் துணி உள்ளே போகும். இதைப் பெரிய ஓட்டுத் தையலாகத் தையுங்கள். பின்னால் பிரிப்பது எளிது.

4. மேல் ஓரத்தில் ஓட்டுத் தையல் இரண்டு வரிசை போடுங்கள். நூலை இழுத்தால் சுருக்கு விழும். சுமார் 71 அங்குலச் சுற்று 28 அங்குலமாகச் சுருங்க வேண்டும். சுருக்கைச் சுற்றிலும் சமமாகப் பரப்புங்கள். ஒரே இடத்தில் குவிய விடாதீர்கள்.

5. பட்டியின் இரு முனையையும் சேர்த்து வளையமாகத் தையுங்கள். பட்டியின் ஓர் ஓரத்தைப் பாவாடையின் மேல் ஓரத்தோடு நல்ல பக்கத்தில் வைத்து அரை அங்குலத்தில் தையுங்கள். மறு ஓரத்தை அரை அங்குலம் மடித்து, உள்பக்கம் கொண்டுவந்து தையுங்கள். 2 அங்குல இடத்தைத் திறந்து வையுங்கள்.

6. எலாஸ்டிக் 21 அங்குலம் வெட்டுங்கள். இடுப்புச் சுற்று 22-இல் 2 குறைத்தோம். இணைக்க 1 சேர்த்தோம். ஊக்கில் மாட்டிப் பட்டிக்குள் ஓட்டுங்கள். ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் உள்ளே ஓடிவிடும். முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். திறப்பை மூடுங்கள்.

குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். எலாஸ்டிக் இடுப்பில் தடம் பதித்தால் இறுக்கம். கொஞ்சம் தளர்த்துங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு காரியம் மறக்க வேண்டாம். ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி டப்பாவில் போடுங்கள். பாயில் ஒன்று கிடந்தாலும் குழந்தையின் காலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் தையுங்கள். கண்ணுக்கு நல்லது.

ஒன்று தைத்தவர் இன்னொன்றும் தைப்பார்

முதல் பாவாடை சட்டையில் தையல் கோணலாக இருக்கலாம். அதனால் என்ன? கோணலான இடத்தைப் பிரித்து மறுபடி தைக்கலாம். இரண்டாவது உடையில் கை பழகிவிடும்.

அளவு எழுதிய நோட்டைப் பத்திரமாக வையுங்கள். தேதியும் போடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இந்த வயதுக் குழந்தை வருடத்துக்குச் சுமார் 2 அங்குலம் உயரம் வளரும். நோட்டைப் பார்த்தால் குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியும். வளராமல் இருந்தாலும் தெரியும். அப்படியானால் அங்கன்வாடி அக்காவிடமோ ஆசுபத்திரியிலோ கேளுங்கள்.

சிலர் தையலையே தொழிலாக எடுத்துக் கொள்வார்கள். தையல் தொழில் செய்பவர்களும் சேரக்கூடிய ஓர் அரசுத் திட்டம் உண்டு. அதன் பெயர் பி.எம். விஸ்வகர்மா. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. பயிற்சி நாட்களில் தினம் 500 ரூபாய் உதவித்தொகை உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி உண்டு. பொதுச் சேவை மையத்தில் கேளுங்கள். யாருக்குத் தகுதி உண்டு, என்ன சான்று வேண்டும் என்று விசாரியுங்கள். கையெழுத்துப் போடும் முன் தாளை முழுவதும் படியுங்கள். படிக்கத்தான் இப்போது தெரியுமே!

கணக்குப் போடுவோம்

1. துணி விலை எவ்வளவு? நூல், எலாஸ்டிக், பொத்தான் விலை எவ்வளவு? மொத்தம் எவ்வளவு?
2. இதே போன்ற உடை கடையில் என்ன விலை? உங்களுக்கு மிச்சம் எவ்வளவு?
3. ஒரு குழந்தையின் மார்புச் சுற்று 28 அங்குலம். அக்குள் புள்ளியை இடது ஓரத்திலிருந்து எத்தனை அங்குலத்தில் வைப்பீர்கள்?

மூன்றாவது கணக்குக்கு விடை 9 அங்குலம். 28-ஐ நான்கால் வகுத்தால் 7. அதோடு 1½-உம் அரையும் சேர்த்தால் 9.

விடை சரியாக வந்ததா? அப்படியானால் டேப்பை எடுங்கள். குழந்தையைக் கூப்பிடுங்கள். நோட்டில் முதல் அளவை எழுதுங்கள்.